இரும்பு உருக வேண்டியதில்லை: விமானம் மோதிய கோபுரங்களும் நாம் பேசிவந்த பௌதிகமும்

செப்டம்பர் மாதம் பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுமங்களில் சில காணொளிகள் தவறாமல் வந்து சேரும். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் மீது விமானம் மோதும் காட்சி, அதன் மேல் ஒரு சிவப்பு வட்டம், பின்னணியில் ஒரு குரல்: “விமான எரிபொருள் தீயில் இரும்பு உருகாது. அப்படியானால் கோபுரம் எப்படி விழுந்தது?” பார்க்கிறவர் திகைப்பார். பத்துப் பேருக்கு அனுப்பிவைப்பார்.

நாமும் அப்படித் திகைத்தவர்களில் ஒருவர்தான். திகைத்ததோடு நிற்கவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பயானில் அந்த வாசகத்தை அப்படியே சொன்னோம். ‘உலகத்தையே ஏமாற்றினார்கள்’ என்று முடித்தோம். கூட்டம் தலையசைத்தது.

பயான் முடிந்ததும் ஒரு பெரியவர் காத்திருந்து அருகில் வந்தார். வளைகுடாவில் கப்பல் பட்டறையிலும் ஃபேப்ரிகேஷன் யார்டிலும் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“ஹஜ்ரத், தப்பா நினைக்காதீங்க. இரும்பு உருகாதுன்னு சொன்னீங்க, அது சரிதான். ஆனா கட்டடம் விழறதுக்கு இரும்பு உருகணும்னு யார் சொன்னது? நாங்க வளைஞ்ச பீமை நேராக்க அதுமேல சூடு காட்டுவோம். லேசா சிவந்தாலே போதும், சொன்ன பேச்சு கேட்கும். உருக்கவே மாட்டோம்.”

நமக்குப் பதில் வரவில்லை. நாம் மதரஸாவில் ஓதியவர், அதன் பிறகு கலைப் பட்டம் பெற்றவர். பௌதிகம் நமக்குப் பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஹதீஸில் ஓர் அறிவிப்பாளர் பலவீனமானவர் என்றால் அந்த ஹதீஸையே ஒதுக்கிவைக்கப் பழகியவர்கள் நாம். ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனத்தை அடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை ஓதிக் காட்டியிருக்கிறோம். பெயரே தெரியாத ஒரு குரல் சொன்ன செய்தியை மட்டும் விசாரிக்காமல் மிம்பரில் ஏற்றிவிட்டோம்.

2025 ஜூன் 12ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் மருத்துவக் கல்லூரி விடுதி மீது விழுந்தபோது பழைய கேள்வி புதிய வடிவில் திரும்பி வந்தது. “அங்கே விடுதி மொத்தமாக இடிந்து தரைமட்டமாகவில்லையே, அமெரிக்காவில் மட்டும் ஏன்?” என்று நம்மிடம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு மாணவர் கேட்டார். அவருக்குச் சொல்வதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே தொகுத்திருக்கிறோம்.

1945இல் ஒரு சனிக்கிழமை

உயரமான கட்டடத்தில் விமானம் மோதியது 2001இல்தான் முதல் முறை என்று பலர் நினைக்கிறார்கள். 1945 ஜூலை 28, சனிக்கிழமை காலை. நியூயார்க் நகரம் முழுக்கப் பனிமூட்டம். அமெரிக்க இராணுவத்தின் பி-25 ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வழி தவறி, எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வடக்குப் பக்கத்தில் 78, 79, 80ஆம் மாடிகளை ஒட்டி மோதியது. விமானத்தில் இருந்த 3 பேரும் கட்டடத்தில் இருந்த 11 பேரும் இறந்தார்கள். ஓர் எஞ்சின் கட்டடத்தைத் துளைத்து மறுபக்கம் வெளியேறி அடுத்த தெருக் கட்டடத்தின் கூரையில் விழுந்தது. இன்னொன்று லிஃப்ட் குழிக்குள் இறங்கியது. லிஃப்ட் ஒன்று எழுபதுக்கும் மேற்பட்ட மாடி உயரத்திலிருந்து அறுந்து விழுந்தும் உள்ளே இருந்த பெண் ஊழியர் உயிர் பிழைத்தார். தீயைச் சுமார் 40 நிமிடங்களில் அணைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை கட்டடத்தின் பல மாடிகளில் அலுவலகங்கள் வழக்கம்போல் திறந்தன.

“பார்த்தீர்களா, எம்பயர் ஸ்டேட் விழவில்லையே!” என்று இதையே ஆதாரமாகக் காட்டுகிறவர்களும் உண்டு. இங்கேதான் பத்தாம் வகுப்புக் கணக்கு கைகொடுக்கிறது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் என்பது எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். பி-25இன் எடை சுமார் 10 டன். வேகம் மணிக்குச் சுமார் 320 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 90 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 4 கோடி ஜூல் வருகிறது.

2001இல் மோதியவை போயிங் 767 ரக விமானங்கள். ஒவ்வொன்றும் சுமார் 125 டன். வடக்குக் கோபுரத்தில் மோதியதன் வேகம் மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டியது. தெற்குக் கோபுரத்தில் மோதியதன் வேகம் ஏறத்தாழ 870. முதலாவதின் ஆற்றல் 240 கோடி ஜூல், இரண்டாவதின் ஆற்றல் 365 கோடி ஜூல் அளவுக்கு வருகிறது. 1945 மோதலைப் போல் அறுபது மடங்கு, தொண்ணூறு மடங்கு. கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர் “இரண்டையும் ஒப்பிடவே முடியாதே ஹஜ்ரத்” என்றார்.

எம்பயர் ஸ்டேட் பழைய பாணிக் கட்டடம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உள்ளே நெருக்கமான இரும்புத் தூண்கள், வெளியே கல்லும் செங்கல்லுமாகத் தடித்த சுவர். இரட்டைக் கோபுரங்கள் வேறு வகை.

அலுமினியம் இரும்பை வெட்டுமா?

இரண்டாவது வாதம் இது. விமானம் அலுமினியத் தகட்டால் ஆனது, கோபுரத்தின் வெளிச்சுவர் எஃகு. மென்மையான பொருள் கடினமான பொருளுக்குள் எப்படி நுழையும்? விமானம் அப்பளம்போல் நொறுங்கிக் கீழே விழுந்திருக்க வேண்டாமா?

நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுவர் விமானத்தின் மீது எவ்வளவு விசை கொடுத்ததோ அவ்வளவு விசையை விமானமும் சுவர் மீது கொடுத்தது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த விசையைத் தாங்குகிற வலு யாருக்கு இருந்தது என்பதுதான் கேள்வி. விமானம் நொறுங்கவில்லை என்று பொறியாளர் எவரும் சொல்லவில்லை. அது நொறுங்கியது. நொறுங்கும்போதே சுவரையும் உடைத்தது.

இந்தக் கணக்கு 2001க்குப் பிறகு அவசரமாகக் கண்டுபிடித்த கணக்கு இல்லை என்பதை அறிந்தபோது நமக்கே வியப்பாக இருந்தது. விமான நிலையத்துக்கு அருகில் அணுமின் நிலையம் கட்டும்போது அதன் மீது விமானம் விழுந்தால் என்னவாகும் என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக 1968இலேயே ரியேரா என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் எழுதினார். சுவர் மீது விழும் விசையில் விமானத்தின் உடலை நசுக்கத் தேவையான வலு ஒரு பங்கு. வேகமாக வந்து சேரும் எடையின் தாக்கம் இன்னொரு பங்கு. அதிவேகத்தில் இந்த இரண்டாவது பங்குதான் பெரிது. அதில் பொருள் அலுமினியமா, தண்ணீரா என்ற பேச்சே வராது. ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை கிலோ, என்ன வேகம் என்பது மட்டும்தான்.

767இன் நீளம் சுமார் 48 மீட்டர். 125 டன்னை அதில் பகிர்ந்தால் மீட்டருக்கு இரண்டரை டன் வருகிறது. வினாடிக்கு 197 மீட்டர் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் விசை சராசரியாக 10 கோடி நியூட்டன். பத்தாயிரம் டன் எடை சுவரை அழுத்துவதற்குச் சமம். இது கால் வினாடி நேரம் நீடிக்கிறது. சுவரின் தூண்களோ மேல் மாடிகளில் சுமார் 36 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டித் தூண்கள். பல இடங்களில் அவற்றின் தகட்டுக் கனம் கால் அங்குலம்தான். மூன்று தூண்களை ஒன்றாக இணைத்த பலகைகளாகக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். தகடு கிழிந்த இடமும் உண்டு, போல்ட் அறுந்த இடமும் உண்டு.

எதிர்வாதத்துக்குத் துணையாக இன்னொரு காணொளியும் சுற்றுகிறது. 1988இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகம் பழைய ஃபான்டம் போர் விமானம் ஒன்றை மணிக்கு 770 கிலோமீட்டர் வேகத்தில் கான்கிரீட் பாளத்தில் மோதவிட்டது. விமானம் தூள்தூளாகிப் போனது, பாளம் நின்றது. காணொளி உண்மைதான். ஆனால் அந்தப் பாளம் மூன்றரை மீட்டருக்கும் மேல் கனமானது. கால் அங்குலத் தகட்டுப் பெட்டிகளுக்கு அதை உவமையாகக் காட்டுவது நியாயமாகாது.

டாக்காவில் பிறந்த ஒரு பொறியாளர்

இந்த இடத்தில் சற்று விலகி ஒரு செய்தி. வெளிச்சுவரையே நெருக்கமான தூண்களால் ஒரு குழாய்போல் அமைத்து, காற்றின் தள்ளுதல் முழுவதையும் அதன் மீது சுமத்தும் முறைக்குக் குழாய் அமைப்பு என்று பெயர். அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான். 1929இல் டாக்காவில் பிறந்த முஸ்லிம். சிகாகோவின் ஜான் ஹான்காக் கட்டடமும் 110 மாடி சியர்ஸ் கோபுரமும் அவர் கணக்கிட்டவை. 1982இல் ஜித்தாவில் இறந்தார். நியூயார்க் கோபுரங்களை வடிவமைத்தவர்கள் வேறு பொறியாளர்கள். ஆனாலும் அவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்த குழாய் அமைப்புத்தான். நம் பிள்ளைகள் மந்திரக் கதைபோல் சொல்லித் திரியும் பௌதிகத்தை இவரைப் போன்றவர்கள் படித்துக் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் 63 மீட்டர். பக்கத்துக்கு 59 வெளித்தூண்கள், நடுவில் லிஃப்டையும் படிக்கட்டையும் சுற்றி 47 தூண்கள். இடையில் தூணே இல்லாத விசாலமான தளம். வடக்குக் கோபுரத்தில் காலை 8.46க்கு 93 முதல் 99ஆம் மாடி வரை விமானம் கிழித்தது. விசாரணை நடத்திய அமெரிக்காவின் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் (சுருக்கமாக நிஸ்ட்) கணக்குப்படி அங்கே 35 வெளித்தூண்களும் 6 நடுத்தூண்களும் அறுந்தன. தெற்குக் கோபுரத்தில் 9.03க்கு 77 முதல் 85ஆம் மாடி வரை. அங்கே 33 வெளித்தூண்கள், 10 நடுத்தூண்கள்.

இத்தனை அறுந்தும் கோபுரங்கள் உடனே விழவில்லை. அறுந்த தூண்களின் சுமையைப் பக்கத்துத் தூண்கள் வாங்கிக்கொண்டன. தெற்குக் கோபுரம் 56 நிமிடம் நின்றது, வடக்குக் கோபுரம் 102 நிமிடம். அந்த அவகாசத்தில்தான் ஆயிரக்கணக்கானோர் இறங்கி வெளியேறினார்கள். “விமானம் மோதினாலும் தாங்கும் என்று கட்டியவர்களே சொன்னார்களே” என்ற வாதத்துக்கும் இங்கே பதில் இருக்கிறது. 1964இல் துறைமுக ஆணையம் வெளியிட்ட குறிப்பு, மணிக்கு 600 மைல் வேகத்தில் போயிங் 707 மோதினாலும் கோபுரம் நிற்கும் என்றது. வடிவமைப்பில் பங்கேற்ற லெஸ்லி ராபர்ட்சன் பிற்காலத்தில் அதை மறுத்தார். எம்பயர் ஸ்டேட் விபத்தைப்போலப் பனிமூட்டத்தில் வழி தவறி மெதுவாக வரும் விமானத்தைத்தான் தாம் கணக்கில் எடுத்ததாகவும், அதைத் தொடர்ந்து எரியும் எரிபொருளைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொன்னார். இருவர் சொல்லும் முரண்படுவது உண்மை. ஆனால் மோதலை மட்டும் எடுத்துக்கொண்டால் கோபுரம் தாங்கத்தான் செய்தது.

மண்ணெண்ணெயும் விறகும்

விமான எரிபொருள் நாம் அறிந்த மண்ணெண்ணெய்க்கு மிக நெருங்கியது. ஒவ்வொரு விமானத்திலும் சுமார் 38,000 லிட்டர் இருந்தது. அது எரிந்தால் வெளிவரும் வெப்பம், மோதலின் ஆற்றலைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல். ஒரு பகுதி வெளியே தீக்கோளமாகப் போய்விட்டது. மிச்சம் சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்தது.

“அப்படியானால் ஒரு மணி நேரம் எரிந்தது எது?” என்று கேட்பது நல்ல கேள்வி. நம் வீட்டுக் கல்யாணத்தில் பிரியாணி அடுப்பு மூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விறகின் மேல் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றித் தீக்குச்சி கிழிப்பார்கள். மண்ணெண்ணெய் சற்று நேரத்தில் போய்விடும். தேக்சாவை வேகவைப்பது விறகு. கோபுரத்தில் விறகின் வேலையைச் செய்தவை மேசைகள், நாற்காலிகள், தரைவிரிப்புகள், காகிதக் கட்டுகள், விமானத்தின் உட்பொருள்கள். ஒரே நேரத்தில் பல மாடிகளில் தீப்பற்ற வைத்ததுதான் எரிபொருளின் பங்கு. சாதாரணத் தீ ஒரு மூலையில் தொடங்கிப் பரவ நேரம் எடுக்கும். இங்கே ஒரு மாடிக்கு ஏறத்தாழ 4,000 சதுர மீட்டர் பரப்பில் தளம் தளமாக ஒரே நொடியில் பற்றியது. தீயணைப்புக் குழாய்களும் அறுந்துபோயிருந்தன.

அத்தகைய தீயில் காற்றின் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸ் வரை போகும். எஃகு உருகுவது சுமார் 1500 டிகிரியில். ஆகவே உருகவில்லை என்பது சரி. ஆனால் 600 டிகிரியை நெருங்கும்போதே எஃகின் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். பெரியவர் சொன்ன ‘சொன்ன பேச்சு கேட்கும்’ நிலை அதுதான். எஃகுச் சட்டங்களின் மீது தீக்காப்புப் பூச்சு தெளித்திருந்தார்கள். விமானச் சிதறல்கள் தோட்டாபோல் பாய்ந்து பல இடங்களில் அதை உரித்துவிட்டன.

தளங்களைத் தாங்கிய சட்டங்கள் சூட்டில் தொய்ந்தன. கனமான ஈரத் துணியைக் கொடியில் போட்டால் நடுவில் தொய்ந்து இரு முனைக் கம்பங்களையும் உள்நோக்கி இழுக்குமே, அதுபோல் தொய்ந்த தளங்கள் வெளித்தூண்களை உள்ளே இழுத்தன. இது ஊகம் மட்டுமில்லை, புகைப்படத்தில் பதிந்திருக்கிறது. வடக்குக் கோபுரம் விழுவதற்குச் சில நிமிடங்கள் முன்பு அதன் தெற்குச் சுவர் ஒன்றே கால் மீட்டருக்கும் மேல் உள்வாங்கியிருந்தது. தெற்குக் கோபுரத்தின் கிழக்குச் சுவரும் அப்படியே. வெடி வைத்துத் தகர்த்திருந்தால் தூண்கள் நிமிடக்கணக்கில் மெல்ல மெல்ல உள்வளைய வேண்டிய காரணம் என்ன? ‘வெடி’ என்று சொல்கிறவர்களிடம் இந்தப் படங்களுக்குப் பொருத்தமான பதிலை நாம் இதுவரை பார்க்கவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இரண்டாவதாக அடிபட்ட தெற்குக் கோபுரம் முதலில் விழுந்தது. ஏன்? அதில் விமானம் அதிக வேகத்தில் மோதியது. நடுத்தூண்கள் அதிகமாக அறுந்தன. அடிபட்ட இடத்துக்கு மேலே இருந்த மாடிகளும் அதிகம்: வடக்கில் பத்துப் பன்னிரண்டு மாடி என்றால் தெற்கில் ஏறத்தாழ இருபத்தைந்து மாடியின் எடை. கணக்கோடு அப்படியே பொருந்துகிறது.

அகமதாபாத் பற்றிக் கேட்ட மாணவருக்கும் விடை இதிலேயே இருக்கிறது. அங்கே விமானம் புறப்பட்ட உடனே, இதைவிட மிகக் குறைந்த வேகத்தில், சில மாடிகளே கொண்ட கான்கிரீட் கட்டடங்கள் மீது விழுந்தது. சூடேறி நெகிழ்ந்த எஃகுத் தூண் ஒன்றின் தலைமேல் இருபது மாடி எடை உட்கார்ந்திருக்கும் நிலை அங்கே இல்லை.

விழத் தொடங்கிய பிறகு

காலின் மேல் ஒரு செங்கல்லை வைத்தால் வலிக்காது. அதே செங்கல் ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தால்? மேல் பகுதி ஒரு மாடி உயரம் இறங்கியதும் அதன் எடை பல மடங்கு அடியாக மாறிவிட்டது. கீழ்த் தளம் நிற்கும் சுமைக்குக் கட்டப்பட்டது, விழும் சுமைக்குக் கட்டப்படவில்லை. பாஜன்ட் என்ற பொறியியல் பேராசிரியர் இந்தக் கணக்கை எழுதி 2002இல் ஆய்விதழில் வெளியிட்டார்.

விழும்போது மாடிகளின் ஓரத்திலிருந்து புகை பீறிட்டதை வெடி என்பார்கள். ஒரு மாடிக்குள் ஏறத்தாழ 14,000 கன மீட்டர் காற்று இருக்கிறது. கூரை சட்டென்று இறங்கினால் அந்தக் காற்று ஜன்னல் வழியாகத்தான் போக வேண்டும், தூசியையும் அள்ளிக்கொண்டு போகும்.

“தீயால் மட்டும் எஃகுக் கட்டடம் விழுந்ததே கிடையாது” என்ற வாசகம் ஒருகாலத்தில் எல்லா இடங்களிலும் கேட்டது. 2017 ஜனவரி 19ஆம் தேதி ஈரானின் தலைநகர் தெஹ்ரானில் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் தீப்பிடித்துச் சில மணி நேரத்தில் தொலைக்காட்சிக் கேமராக்களின் கண் முன்னே இடிந்து விழுந்தது. எஃகுச் சட்டக் கட்டடம். விமானம் எதுவும் மோதவில்லை. உள்ளே சென்ற தீயணைப்பு வீரர்கள் 16 பேர் ஷஹீதானார்கள். அதற்குப் பிறகும் அந்த வாசகத்தை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

ஒரு பௌதிக ஆசிரியரின் கேள்வி

கேள்வி கேட்டவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் அநீதியாகிவிடும். அன்று மாலை 5.20க்கு அருகிலிருந்த ஏழாம் எண் கட்டடம், 47 மாடி, அதுவும் விழுந்தது. அதன் மீது விமானம் மோதவில்லை. வடக்குக் கோபுரத்தின் சிதறல் விழுந்து தீப்பிடித்து, தண்ணீர்க் குழாய் அறுந்ததால் சுமார் ஏழு மணி நேரம் அணைப்பாரின்றி எரிந்தது. சூட்டில் விரிந்த உத்தரங்கள் ஓர் இணைப்பை இடம்பெயரச் செய்து, 79ஆம் எண் தூண் ஆதரவிழந்து வளைந்ததுதான் தொடக்கம் என்று நிஸ்ட் முடிவு சொன்னது.

2008இல் அதன் வரைவு அறிக்கை வந்தபோது, கட்டடம் தடையற்ற வீழ்ச்சியாக விழவில்லை என்று இருந்தது. டேவிட் சாண்ட்லர் என்ற பள்ளிப் பௌதிக ஆசிரியர் காணொளியைச் சட்டம் சட்டமாக அளந்து, ஒரு பகுதி நேரம் அது தடையற்ற வீழ்ச்சிதான் என்று காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் வந்த இறுதி அறிக்கையில், 2.25 வினாடி நேரம், சுமார் எட்டு மாடி உயரத்துக்கு, வடக்கு முகப்பு தடையற்ற வீழ்ச்சி வேகத்தில் இறங்கியது என்று நிஸ்ட் ஒப்புக்கொண்டது. உட்பகுதி முன்பே சரிந்து வெளித்தூண்கள் மடங்கிவிட்டதால் அந்த நேரத்தில் எதிர்ப்பு இல்லை என்று விளக்கமும் தந்தது. சாண்ட்லர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அலாஸ்கா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹல்ஸி என்ற பேராசிரியர் 2020இல் நிஸ்டின் முடிவை மறுத்து அறிக்கை தந்தார். அதற்கு நிதி தந்தது வெடி வாதத்தை முன்வைக்கும் கட்டடக் கலைஞர் அமைப்பு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அளந்து கேட்ட கேள்விக்கு அரசு நிறுவனமே அறிக்கையைத் திருத்தியது. அதுவும் நம் வாட்ஸ்அப் காணொளியும் ஒன்றாகிவிடாது.

பௌதிகம் சொல்லாதது

கட்டடம் எப்படி விழுந்தது என்று பௌதிகம் சொல்லும். விமானத்தை ஓட்டியவர் யார் என்று சொல்லாது. அதற்கு வேறு ஆதாரங்கள் உண்டு. 2004 அக்டோபரில் உஸாமா பின் லாதினே காணொளியில் தோன்றிப் பொறுப்பேற்றார். ‘அன்று யூதர்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை’ என்று நம்மிடையே பரவிய செய்தியும் பச்சைப் பொய். யூதர்கள் பலர் அந்தக் கோபுரங்களில் இறந்தார்கள். பொய் சாட்சி பெரும் பாவம் என்று கிதாபில் படித்துவிட்டு இதைப் பரப்பியவர்கள் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நாம் உட்பட.

இந்த வாதங்கள் நம்மிடம் ஏன் இவ்வளவு எளிதில் ஒட்டிக்கொண்டன என்பதும் நமக்குத் தெரியும். உலகம் முழுக்க முஸ்லிம் பெயர் உள்ளவர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. முகமது ஸல்மான் ஹம்தானி என்ற 23 வயது இளைஞர், கராச்சியில் பிறந்தவர், நியூயார்க் காவல்துறையின் பயிற்சி மாணவர். அவசர மருத்துவ உதவிப் பயிற்சி பெற்றவர். அன்று காலை அடிபட்டவர்களுக்கு உதவ ஓடினார், திரும்பவில்லை. அவரைத் தேடிய தாய்க்குக் கிடைத்தது மகனைச் சந்தேகித்த பத்திரிகைச் செய்திகள். சில மாதங்கள் கழித்து இடிபாடுகளுக்குள் அவர் உடல் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டன. தெற்குக் கோபுரத்தின் 17ஆம் மாடியில் முஸ்லிம் ஊழியர்கள் தொழும் அறை ஒன்று இருந்தது. அந்தத் தாக்குதலில் எந்தப் பங்கும் இல்லாத இராக்கின் மீது 2003இல் போர் தொடுக்கப்பட்டது. இத்தனை உண்மைகள் கையில் இருக்க, நாம் போய்ப் பிடித்துக்கொண்டது உருகாத இரும்பை.

பொறியியல் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளை வகுப்பில் எழுந்து “பெட்ரோலில் இரும்பு உருகாது” என்றால், பேராசிரியர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அதே பிள்ளை இராக்கைப் பற்றி நியாயமாகப் பேசினாலும் கேட்க ஆள் இருக்காது.

படிக்கட்டுகள்

இந்த ஆராய்ச்சியால் நடந்த ஒரு நன்மையை மட்டும் சொல்லிவிடுகிறோம். வடக்குக் கோபுரத்தில் இருந்த மூன்று படிக்கட்டுகளும் நடுவில் பக்கம் பக்கமாக அமைந்தவை, மூன்றும் ஒரே அடியில் அறுந்தன. மேலே சிக்கிய 1,300க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. தெற்குக் கோபுரத்தில் ஒரு படிக்கட்டு மட்டும் அந்த மாடிகளில் சற்று விலகி, லிஃப்ட் எந்திரங்களின் மறைவில் இருந்தது. அதன் வழியாக 18 பேர் இறங்கி உயிரோடு வந்தார்கள். பிறகு அமெரிக்கக் கட்டட விதிகளில் மிக உயர்ந்த கட்டடங்களுக்குக் கூடுதல் படிக்கட்டு, எளிதில் உதிராத தீக்காப்புப் பூச்சு, இருட்டில் ஒளிரும் படிக்கட்டுக் கோடுகள் ஆகியவை சேர்ந்தன.

முன்பு தவறாகச் சொன்ன அதே பள்ளிவாசலில் அண்மையில் ஒரு ஜும்ஆவில் நாம் அதைத் திரும்பப் பெற்றோம். ஐந்து நிமிடம்தான் பேசினோம். தொழுகை முடிந்ததும் ஒருவர் கோபமாக வந்து “ஹஜ்ரத், நீங்களும் அவங்க பக்கம் போயிட்டீங்களா?” என்று கேட்டார். அவரை உட்காரவைத்துச் சுவர் உள்வளைந்த படத்தைக் காட்டினோம். அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் தூணோரம் உட்கார்ந்து அவருக்கு பீமைச் சூடு காட்டி நேராக்கும் விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அஸருக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள்.